கண் படாத கிடங்கு

உலகத்தில் கிடங்கு வைத்திருப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். 'நவீன இருப்பு மேலாண்மை'யை அதன் உச்சிக்கே கொண்டுபோனவர்கள் ஷுப்ரா வட்டாரத்தில் ஹாஜி ஷெஹாத்தாவின் ஆயத்த ஆடைக் கிடங்கைச் சேர்ந்த நாங்கள்தான். பார்த்தவர் எவரும் மறுக்க மாட்டார்கள். மறுக்கக்கூடியவர்களை நாங்கள் உள்ளே விடுவதில்லை.

வியாபாரம் வளர்ந்ததும் ஹாஜி ஒரு கணினி வாங்கினார். எந்தச் சரக்கு குறைகிறதோ அதைத் தையற்கூடத்திலிருந்து தானே வரவழைக்கும் மகா புத்திசாலி. இருப்பு எவ்வளவு என்று அதற்குச் சொல்வது மட்டும்தான் எங்கள் வேலை.

"இனாயாத், குளிர்காலக் கோட்டு எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார் ஹாஜி.

கிடங்குப் பொறுப்பாளர் இனாயாத் அம்மாள் பதறிப்போனார். "சத்தமா கேக்காதீங்க ஹாஜி! கண்ணு பட்டுடும். ஏதோ கொஞ்சம் கெடக்கு."

"அதுவும் சரிதான். பாதியாச் சொல்லு."

அவர் பாதியைச் சொன்னார். கணக்கர் என்ற முறையில் நான் அதில் பாதியை எழுதினேன். முதலாளியின் சரக்கு கண்பட்டுப் போக நான் காரணமாகலாமா? கையெழுத்துப் போடும்போது ஹாஜியும் தன் பங்குக்குக் கொஞ்சம் குறைத்தார். கணினி கலங்கிப்போய்க் கோட்டுகளை வரவழைத்துத் தள்ளியது. சரக்கு பெருகப் பெருக எங்கள் பயமும் பெருகியது. இன்னும் குறைத்துச் சொன்னோம். வாராந்தரக் கூட்டத்தில் "கையிருப்பு கவலைக்கிடம்" என்று நான் அறிக்கை வாசிப்பேன். எல்லோரும் நிம்மதியாகத் தேநீர் குடிப்போம்.

இதற்கிடையில் ஹாஜியின் மகள் நக்வா, விவாகரத்துக்குப் பிறகு யார் தயவும் வேண்டாமென்று, நகைகளை விற்றுத் தன்தா நகரில் ஒரு துணிக்கடை பிடித்தாள். பெருநாள் விற்பனையைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள். அவள் கடைக்கான கலாபியா அங்கிகள் கிடங்கின் பின்வரிசையில் பத்திரமாக இருந்தன. மிக மிகப் பத்திரமாக.

பெருநாள் நெருங்கியதும் அவளே லாரியோடு வந்து கிடங்குக் கதவை இழுத்தாள். கோட்டுகள் சரிந்து அவளைக் கழுத்துவரை மூடின.

"பாபா! இந்த வெயில்ல இவ்ளோ கோட்டா?"

"மாஷா அல்லாஹ் சொல்லுடி! மொதல்ல மாஷா அல்லாஹ் சொல்லு, கண்ணு பட்டுடும்!" என்று அலறினார் ஹாஜி.

"என் அங்கியெல்லாம் எங்க?"

"பின்னாடி இருக்கும்மா," என்றார் இனாயாத் பெருமையாக. "ஒருத்தர் பார்வையும் விழாத எடமாப் பாத்து வச்சிருக்கேன்."

"முன்னாடி எவ்வளவு கோட்டு கெடக்கு? அதையாவது உண்மையாச் சொல்லித் தொலைங்களேன்!"

மூவரும் ஒரே குரலில் சொன்னோம்: "ஏதோ கொஞ்சம்."

நக்வா கோட்டுக் குவியலின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். எல்லோருமாகச் சேர்ந்து கோட்டுகளை இழுத்துப் போட்டு முடிப்பதற்குள் தெருவில் பெருநாள் காலைத் தக்பீர் முழக்கம் கேட்டுவிட்டது. தொழுகை முடிந்தபின் புதுத்துணி வாங்க யார் வருவார்கள்?

அந்தப் பெருநாளுக்கு நக்வாவின் கடையில் விற்ற அங்கிகள் பூஜ்யம். எங்கள் நிர்வாக வரலாற்றில் நாங்கள் மூவரும் குறைக்காமல் உள்ளபடி எழுதிய ஒரே எண் அதுதான்.