தலவிலைக்குப் போகும் வானில் உங்களுக்கும் இடமுண்டு

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் மெல்ரோய் அறிய,

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒஸ்வால்ட் எழுதுவது. அந்தோனியார் தயவில் இங்கே எல்லாம் சுகம், என் முழங்காலைத் தவிர. வெள்ளவத்தையில் நீங்களும் செலீன் மச்சாளும் அவ்வாறே சுகமாக இருக்க வேண்டுகிறோம். போனில் என் குரல் கேட்டதும் நீங்கள் வைத்துவிடுவதால் கடிதம் எழுதுகிறேன். கிழிப்பதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க முடியாமல்தான் கிராண்ட்பாஸில் இருக்கும் ஜீவராஜிடம் அந்தப் பழைய வான் வண்டியை வாங்கினேன். படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வீடாக என் கையாலேயே மாற்றுகிறேன் என்று சீற்றுகளைக் கழற்றி, துருப்பிடித்த தரையை வெட்டித் தகடு ஒட்டி, பலகைக் கட்டிலும் அடித்தேன். நீட்டிப் படுத்தால் கால் இரண்டும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போயின, தண்ணீர் மோட்டரைப் போட்டால் ஹோன் அடித்தது, ஹோனை அழுத்தினால் கூரையில் விசிறி சுற்றியது. வயரிங் எல்லாம் திருத்தியாயிற்று. திருந்தாதது பக்கக் கதவு ஒன்றுதான். உங்கள் தங்கை ஐறீனைப் பரிசோதனைக்குக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் காலைகளில், தெமட்டகொடை ரயில் பாலத்தடி நெரிசலில் நிற்கும்போது அது தானாகத் திறக்கும். சற்று நேரம் திறந்தே இருக்கும். வானின் இடப்பக்கம் மெதுவாகத் தணியும். பிறகு கதவு மூடிக்கொள்ளும். களுபோவிலையில் ஆஸ்பத்திரி மதிலோரம் மறுபடி திறந்ததும் வான் நிமிரும். மெக்கானிக் அப்ஹாம் பாஸ் இரண்டு தரம் கழற்றிப் பூட்டிவிட்டு, "ரோலரும் புதுசு, லொக்கும் புதுசு, அங்கிள். இனியும் தொறந்தா அது கதவுட குத்தமில்ல" என்று சாவியை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று எங்களோடு வானில் வந்த நீங்கள் கட்டிலில் இருந்தபடி என் வேலையைப் புகழ்ந்து வாய் மூடவில்லை, பாலத்தடி வந்துவிட்டது. உங்களுக்குப் பக்கத்தில் மெத்தை ஆள் இருந்தாற்போல் பள்ளமானதை நானும் கண்ணாடியில் பார்த்தேன். ஒற்றைச் செருப்போடு பாய்ந்து இறங்கி நீங்கள் திறீவீலர் ஆட்டோவில் ஏறும்போது, "அது ஸ்பிரிங் கோளாறு" என்று நான் பின்னால் கத்தியது பொய்யில்லை. அப்போது அப்படித்தான் நம்பினேன். அதன்பிறகு பாலத்தடியில் கதவு மூடியதும் என்ஜின் நிற்கத் தொடங்கியது. எத்தனை முறை சாவியைத் திருப்பினாலும் இருமல்கூட இல்லை. ஐறீன்தான் சொன்னாள்: "ஏறுறவவுக்கு இருக்க இடமில்ல, ஒஸ்வால்ட். கட்டில்ல ஆம்பிளைக்குப் பக்கத்தில எப்பிடி இருக்கிறது?"

நான் ஜீவராஜைத் தேடிப் போனேன். அந்த மனிதன் என் முகத்தைப் பார்க்காமலே கதைத்தான். "அது சீனியம்மாங்க. ஆஸ்பத்திரியில கூட்டுற வேல. நான் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏத்தி ஓடின காலத்துல தெமட்டகொடையில ஏறும், கதவோரத்து சீட்டுதான் எப்பவும். காய்ச்சல்ல செத்துப்போச்சு. அடக்கம் பண்ணின மறுநாளும் கதவு தொறந்துச்சு, அதான் வித்தேன்." பிறகு, "சீட்ட கழட்டிட்டீங்களா?" என்று என்னையே குற்றவாளியாக்கினான். வந்து கட்டிலை அறுத்துக் குறுக்கி, அந்த ஒரு சீற்றை மட்டும் பூட்டினேன். இப்போது படுத்தால் முழங்கால்வரை தொட்டிக்குள். ஆனால் வான் நிற்பதில்லை.

மார்புக் கட்டியின் ரிசல்ட் வாங்கப் போன காலை, ஐறீன் முன்னால் வராமல் அந்தச் சீற்றுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டாள். தெமட்டகொடை தாண்டியதும் யாரோடோ மெதுவாகக் கதைப்பது கேட்டது. "என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவ, சவர்க்கார மணம்" என்றாள் ஆஸ்பத்திரி மதிலோரம் நிறுத்தியதும். "எனக்குச் சரியான பயம், ஒஸ்வால்ட். உங்களுக்குச் சொல்லேல்ல. அவவுக்குச் சொன்னனான்." கதவு தானாகத் திறக்குமுன் நானே இறங்கிப்போய்த் திறந்து, வான் நிமிரும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். பாதையில் போனவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். உள்ளே டொக்டர், கட்டி ஆபத்தில்லாதது என்றார்.

தலவில அன்னம்மாள் கோவில் திருவிழாவுக்கு வருவதாக ஐறீன் நேர்ந்திருக்கிறாள். கூடப் பிறந்த அண்ணன் பக்கத்தில் நில்லாமல் மெழுகுதிரி ஏற்றமாட்டாளாம். அடுப்பு, கட்டில், விசிறி எல்லாம் தயார். சீனியம்மா களுபோவிலைக்கு அப்பால் வருவதில்லை, தலவிலையோ எதிர்த்திசை. ஆகவே பயமில்லாமல் வாருங்கள் மச்சான், உங்களுக்கென்று இடம் வைத்திருக்கிறேன்.

அன்னம்மாள் உங்கள் வீட்டாரைக் காப்பாராக. செலீன் மச்சாளின் பிரஷரும் அவர் கருணையால் இறங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிய பாவி,
ஒஸ்வால்ட்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கடிதத்தைத் தபாலில் போட வெளிக்கிட்டபோது, வாசலில் சாவி போடாமல் நின்ற வானின் கதவு திறந்தது. வான் தணிந்தது. பிறகும் தணிந்தது. அதற்குப் பிறகும் தணிந்து, டயர் மட்கார்டில் முட்டியது. ஐறீன் யன்னலால் எட்டிப் பார்த்து, "தலவிலைக்குப் போறம் எண்டு சீனியம்மாவுக்குச் சொல்லியிருந்தனான். வீட்டாக்களையும் கூட்டிக்கொண்டு வந்திட்டா போல" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிக்குப் பெரிய கேத்தலை அடுப்பில் வைத்தாள். ஆகவே வானில் இடமில்லை, மச்சான். நீங்கள் பஸ்ஸில் வாருங்கள்.