கனிசியஸ் எங்கே நிற்கிறார்?

தன்னுடைய நண்டு இடத்தில் இன்னொருவனின் வள்ளம் நிற்பதைக் கண்டதும் கனிசியஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி யோசப்பினுக்குக்கூட அவர் சொல்லாத இடம் அது. அது கைவிட்டுப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. சங்கத்து அப்பிலை உங்கடை வள்ளம் பச்சைப் புள்ளியா நிக்குது," என்றான் வந்தவன், கூச்சமே இல்லாமல்.

காற்று மழை அறிவிக்கவென்று மீனவர் சங்கம் எல்லாருடைய போனிலும் ஏற்றிவிட்ட செயலி அது. அதைச் செய்த லியோனைக் கனிசியஸ் கரையேறிய கையோடு போய்ப் பிடித்தார்.

"புள்ளியை அழி."

"அது நான் வைச்சதில்லை அண்ணை. ஆயத்தமா வாற சட்டகத்திலைதான் அப்பைக் கட்டினது. இடம் காட்டுறது அதோடை சேந்தே வருது. கழட்டினால் காத்து அறிவிப்பும் போயிடும்."

"வள்ளம் என்ரை, போன் என்ரை. நான் எங்கை நிக்கிறனெண்டு ஊருக்குச் சொல்லுறது மட்டும் முகம் தெரியாத ஆரோவோ?"

லியோன் தலையைச் சொறிந்தான். "வேணுமெண்டால் போனிலை இருப்பிடத்தை நிப்பாட்டிப் பாருங்கோ."

மறுநாள் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கனிசியஸ் அதை நிறுத்தினார். வலை இறக்கி முடிப்பதற்குள் ஏழு வள்ளங்கள் அவரை நோக்கிப் பறந்து வந்தன. தொடர்பு அறுந்ததும் செயலி தன்பாட்டில் 'கனிசியஸைக் காணவில்லை' என்று எல்லாருக்கும் அறிவித்து, கடைசியாக நின்ற இடத்தையும் படம் போட்டுக் காட்டியிருந்தது. காப்பாற்ற வந்த புண்ணியவான்கள் வலைகளையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார்கள்.

மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த நாள் போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு, யோசப்பினின் பவர்பாங்கையும் கூடவே வைத்து, நண்டே எட்டிப் பார்க்காத சேற்றுப் பக்கத்தில் ஒரு மிதவையில் கட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். ஒரு குஞ்சும் அங்கே வரவில்லை.

"எல்லாரும் எங்கை நிண்டவை?" என்று வீட்டில் கேட்டார்.

"பாசி மண்டின பக்கமும் கல்லுப் பக்கமும்," என்றாள் யோசப்பின், தன் போனைப் பார்த்து.

"அங்கை ஏது நண்டு? உவங்களுக்குத் தொழிலே தெரியாது," என்று கனிசியஸ் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சனிக்கிழமை திடீரென்று காற்று அடித்தது. போனை அவிழ்க்க வழியில்லாமல் மற்ற வள்ளங்களைப் போலவே நேரே கரைக்கு ஓடிவந்தார். வந்த பிறகுதான் நாள் நினைவுக்கு வந்தது. விடிந்தால் ஞாயிறு. ஞாயிறு கடலில் இறங்கியவனின் வள்ளத்தை ஒரு மாதம் கரையில் ஏற்றிவைப்பது சங்கத்துச் சட்டம்.

காலையில் கோயில் பூசையில் அவருக்கு ஒரு செபமும் வாயில் வரவில்லை.

"இஞ்சாருங்கோ, நீங்கள் இன்னும் கடலிலைதான் நிக்கிறியள்," என்று யோசப்பின் காதுக்குள் சொன்னாள்.

"மெல்லக் கதை."

உண்மையைச் சொல்லலாம். சொன்னால், போன் சேற்றில் நின்றபோது நீ எங்கே நின்றாய் என்று கேட்பார்கள். வள்ளமா, இடமா என்று தவித்துக்கொண்டிருக்கையில் பூசை முடிந்து, சங்கத் தலைவர் கிறிஸ்ரி முன்னால் வந்து நின்றார்.

"இண்டைக்கும் ஆரோ கடலிலை நிக்கிறானாம். லியோன், அப்பைப் பாத்துப் பேரை வாசி."

கனிசியஸ் ஒத்துக்கொள்ளலாம் என்று பாதி எழுந்தார். லியோன் போனைப் பார்த்தான். சனத்தைப் பார்த்தான். திரும்பவும் போனைப் பார்த்தான்.

"தலைவர், உங்கடை பேரிலையிருந்து துவங்கவோ? இதின்ரை கணக்குப்படி கோயிலுக்குள்ளை ஒரு ஆம்பிளையும் இல்லை, எல்லாரும் கடலிலைதான் நிக்கிறியள்."