எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் மருமகளும் நலம். ஒரே வீட்டில் இருந்தாலும் இரண்டு நாளாக நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளாததால் இரண்டு நலத்தையும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். தாங்களும் அக்காவும் மருந்துக்கடையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவானேன் என்று தாங்கள் கேட்கலாம். போனில் தாங்கள் பேசுவதை நான் கேட்க முடிகிறது. நான் பேசுவதைத் தாங்கள் கேட்கும் வசதி இத்தனை வருடமாக அமையவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். "நம்ம மாப்பிள்ளை பெத்த பிள்ளையைத் தொலைச்சுட்டு வேற பிள்ளையைக் கூட்டிட்டு வந்துட்டார்" என்று மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் தாங்கள் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. முதலாவது, நான் யாரையும் தொலைக்கவில்லை. இரண்டாவது, அந்த வேறு பிள்ளையை நான் வீடு வரைக்கும் கூட்டி வரவில்லை. பூங்கா வரைக்கும்தான்.

தங்கள் தங்கை ஆஸ்பத்திரிப் பயிற்சிக்காக ஆறு மாதம் வெளியூர் போனதிலிருந்து, குழந்தையைத் தங்கள் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கலாம் என்று தாங்கள் சொல்லிவருகிறீர்கள். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நீங்க இருக்கீங்க மாப்பிள்ளை, உங்க பிள்ளைக்கு யார் இருக்கா?" என்று தாங்கள் கேட்டது எனக்கு ரொம்பவே உறைத்தது. உடற்பயிற்சி ஆசிரியன் என்றால் காலையில் மைதானம், மாலையில் மைதானம், சனிக்கிழமை போட்டி என்றுதான் இருக்கும். அது உங்கள் தங்கைக்கும் தெரியும். அவள்தான் நடுவில் புகுந்து, ஒரு நாள் அப்பாவும் பெண்ணும் மட்டும் நகரத்துக்குப் போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள், அதற்கப்புறம் குழந்தை எங்கே இருப்பது என்று முடிவு செய்யலாம் என்றாள். நானும் சரியென்றேன். எனக்கா நகரத்தைச் சுற்றிக்காட்டத் தெரியாது? பதினெட்டு வருடமாக, வருடம் ஒரு தடவை, நாற்பது பிள்ளைகளை அந்த நகரத்துக்குக் கூட்டிப்போய் வருகிறேன். எழுநூற்று இருபது பேர் போனார்கள், எழுநூற்று இருபது பேர் திரும்பினார்கள். என்னுடைய முறை அப்படி. எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி. எண்ணும்போது தொப்பியை மட்டும்தான் எண்ண வேண்டும். முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பேசத் தோன்றும், பேசினால் எண்ணிக்கை விட்டுப்போகும். இதைப் புது ஆசிரியர்களுக்கு நான் வகுப்பாகவே எடுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை விடிந்ததும் பள்ளி அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் தொப்பியை எடுத்து வந்து மகளின் தலையில் வைத்தேன். "நான் ஒருத்திதானேப்பா, எனக்கு எதுக்குத் தொப்பி?" என்றாள். ஒருத்தியானாலும் முறை முறைதான் என்று விளக்கினேன். நகரத்து ரயில் நிலையத்தில் இறங்கியதும் அவளை வரிசையில் நிற்கச் சொன்னேன். யாருக்குப் பின்னால் என்று கேட்டாள். பின்னால் இல்லை, நீதான் முன்னால் என்றேன். விசில் ஊதி எண்ணிக்கை எடுத்தேன். "ஒன்று" என்றாள், அவ்வளவு உற்சாகமில்லாமல். அப்போதுதான் அவளுக்குப் பின்னாலிருந்து "ரெண்டு" என்று ஒரு குரல் வந்தது. பார்த்தால், ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர், மழையும் இல்லாத வெயிலும் இல்லாத நாளில் கையில் குடையோடு, ஒழுங்காக வரிசையில் நிற்கிறார். விசாரித்தேன். சாயங்கால ரயில் வரைக்கும் நகரத்தில் பொழுது போக்க வேண்டுமாம், விசில் சத்தம் கேட்டதும் யாரோ பொறுப்பான ஆள் இருக்கிறார் என்று வந்து நின்றுவிட்டாராம். பொறுப்பான ஆள் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகு அவரை விரட்டவா முடியும்? தங்கள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் எதிர்பார்த்தது வேறு விஷயம். ஆக, மொத்த எண்ணிக்கை இரண்டு என்று திருத்திக்கொண்டேன்.

பத்து இருபதுக்கு மியூசியம். அதுதான் வழக்கமான அட்டவணை. அங்கே ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. வாலிலிருந்து ஆரம்பித்து இரண்டு கூடங்களைத் தாண்டி நீளும். திமிங்கிலத்துக்குத் தலை எப்படியப்பா இருக்கும் என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு தடவை போயும் நான் பார்த்தது வால் மட்டும்தான், ஏனென்றால் வாலுக்குக் கீழே நின்றால்தான் வாசல் கண்ணில் படும். தலை இருக்கிற கூடத்துக்குப் போனால் வாசல் தெரியாது. "நீ போய்ப் பாத்துட்டு வா, அப்பா இங்கயே நிக்கிறேன்" என்றேன். "நீங்களும் வாங்களேன்ப்பா" என்றாள். நான் வந்தால் யார் எண்ணுவது என்று கேட்டேன். அவள் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். குடைக்காரர் அவளோடு போய்ப் பார்த்துவிட்டு முதலில் திரும்பி வந்து, பிரமாதம் சார், ஒரு பஸ்ஸே உள்ளே நுழையலாம் போல இருக்கிறது என்றார். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

அதே நேரத்தில் வேறொரு பள்ளிக்கூடத்துக் கூட்டம் உள்ளே நுழைந்தது. அவர்களுக்கும் மஞ்சள் தொப்பி. அதைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, என் முறை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று. பதினொன்றேகாலுக்குக் கிளம்ப வேண்டும். என் விசிலை வாசலிலேயே காவலாளி வாங்கி வைத்துக்கொண்டதால் மூன்று தடவை கைதட்டினேன். மஞ்சள் தொப்பி ஒன்று ஓடி வந்து முன்னால் நின்றது. "ஒன்று" என்றது. "ரெண்டு" என்றார் குடைக்காரர். கணக்கு சரி. விசிலை வாங்கிக்கொண்டு வெளியேறினோம். இதில் நான் செய்த தவறு என்ன என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தேன். எங்கள் வீட்டில் உங்கள் மருமகள் ரொட்டியின் ஓரத்தை எப்போதுமே பிய்த்துப் போட்டுவிடுவாள். அன்றைக்கு ஓரம் முழுவதையும் தின்றது மட்டுமில்லை, என் பங்கின் ஓரத்தையும் கேட்டு வாங்கித் தின்றாள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இதை மச்சானுக்கு எழுத வேண்டும், நம்மோடு வெளியே வந்தால் பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறது பாருங்கள் என்று எழுத வேண்டும் என்று மனசுக்குள் வாக்கியம்கூட அமைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் குடைக்காரர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. காலையில நம்மகூட வந்த பொண்ணுக்குக் கன்னத்துல ஒரு மச்சம் இருந்துச்சு. இதுக்கு இல்லையே."

மச்சம் இருந்ததா என்று நான் யோசித்தேன். மச்சான், எழுதவே வெட்கமாக இருக்கிறது. எந்தக் கன்னம் என்று எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. தொப்பியைத் தூக்கிப் பார்த்தேன். தொப்பிக்குக் கீழே, வாய் நிறைய ரொட்டியோடு, நான் வாழ்நாளில் பார்த்திராத ஒரு குழந்தை.

"நீ யாரும்மா?"

"ஒன்னாம் நம்பர், சார்."

அந்தப் பெண்ணை ஒரு கையிலும் ரொட்டிப் பையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினேன். பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளை ஓடவைத்தவன் கடைசியாக எப்போது ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை. சிக்னலில் நிற்கவில்லை, ஒரு டாக்ஸிக்காரர் என்னைத் திட்டியது தெரியும், என்ன திட்டினார் என்று தெரியாது, பின்னாலேயே குடைக்காரர் நாங்கள் சிந்திக்கொண்டு போன ரொட்டியைப் பொறுக்கிக்கொண்டு வருகிறார். மியூசியம் வாசலில் காவலாளியிடம் என் பெண்ணைக் காணோம் என்றேன். அவர் பதறவில்லை. ஒரு படிவத்தை நீட்டினார். அவரிடம் இருந்தது காணாமல்போன பொருள்களுக்கான படிவம் ஒன்றுதான். நிறம் என்று ஒரு கட்டம், அதில் மஞ்சள் என்று எழுதினேன். அளவு என்று ஒரு கட்டம், என் இடுப்பு உயரம் என்று எழுதினேன். பிடி உண்டா என்று கேட்டிருந்தது, இல்லை என்று எழுதினேன். வேறு அடையாளம் என்றதற்கு, எண் ஒன்று என்று எழுதினேன். என்ன கலரில் உடை என்று அவரே வாய்விட்டுக் கேட்டார். தெரியவில்லை. படிவத்தில் கடைசிக் கேள்வி, உள்ளே என்னென்ன இருந்தன என்பது. அதை மட்டும் காலியாக விட்டேன். அவசரத்தினால் அல்ல.

பின்பக்கத்துப் புல்வெளியில் அந்த இன்னொரு பள்ளிக்கூடம் சாப்பிட்டு முடித்து வரிசையில் நின்றுகொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கு வாய்ப்பே இல்லை சார். அம்பத்திரண்டு பேர். இப்பத்தான் எண்ணினேன், கரெக்டா இருக்கு" என்றார். எனக்கும் சரியாகத்தான் இருந்தது என்றேன். இரண்டு பக்கமும் கணக்கு சரி, பிள்ளைகள் மட்டும் மாறியிருந்தார்கள். நான் கூட்டி வந்த பெண்ணை அவர் பக்கம் நிறுத்தியதும் ஐம்பத்து மூன்றாகிவிட்டதே என்று அவருக்கு என்மேல் கோபம் வேறு. வேறு வழியில்லாமல் நான் வரிசையின் ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு தொப்பியாகத் தூக்கி முகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். என் சர்வீசில் முதல் தடவையாக முகங்களைப் பார்த்தேன். முப்பத்தேழாவது முகம் என் மகள். மச்சம் இடது கன்னத்தில், மச்சான். உடை பச்சை.

அவள் அழவில்லை. மியூசியச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, "நாப்பத்தஞ்சு நிமிஷம்ப்பா" என்றாள். நான் அழுததாக அவள் தங்களிடம் போனில் சொல்லியிருந்தால் அது மிகை. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது, அது கண் வழியாகவும் வாங்கியது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அட்டவணைப்படி மணிக்கூண்டுக்கும் துறைமுகத்துக்கும் போகவில்லை. எங்கே போகலாம் என்று அவளையே கேட்டேன். சுரங்க ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போகலாம் என்றாள். குடைக்காரர் மட்டும் அட்டவணை அட்டவணைதான் என்று மணிக்கூண்டுக்குக் கிளம்பினார். கடைசி ஸ்டேஷனில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு சலவைக்கடை, ஒரு தையல் மெஷின் ரிப்பேர்க் கடை, வாசலில் படுத்திருந்த ஒரு பூனை. அந்தத் தெருவில் இரண்டு மணி நேரம் நடந்தோம். அவளுக்குக் கணக்கு டீச்சரைப் பிடிக்காதாம். இருட்டைவிட இருமலுக்குத்தான் பயமாம், அம்மா ஊரில் இல்லாதபோது இருமல் வந்தால் யாரை எழுப்புவது என்று. என்னை எழுப்பு என்றேன். நீங்க தூங்கினா எழுந்திருக்க மாட்டீங்கப்பா என்றாள். அதுவும் உண்மைதான்.

ஆகவே மச்சான், இரண்டு நாளாக யோசித்துப் பார்த்ததில், தாங்கள் சொன்னது சரி என்றே படுகிறது. எழுநூற்று இருபது பேரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவனுக்குத் தன் பிள்ளை போட்டிருந்த உடையின் நிறம் தெரியவில்லை. தங்கள் வீட்டில் அக்கா இருக்கிறார், இருமினால் மருந்து இருக்கிறது. இந்த வரியை மூன்று தடவை அடித்தேன், இருந்தாலும் எழுதிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் அவளைப் பெட்டியோடு கொண்டுவந்து விடுகிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்கள் கடைக்கு வருகிற நோயாளிகள் எல்லாரும் குணமடையட்டும். ஆனால் தங்கள் வியாபாரம் கெடாதபடி, ஒருவர் பின் ஒருவராக, வரிசையில் குணமடையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி மகளிடம் கொடுத்தேன். உறையை ஒட்ட மறந்துவிட்டேன். அவள் முழுக்கப் படித்துவிட்டு வந்து நின்றாள். "நான் தொலையலப்பா. நானேதான் போய் அவங்க வரிசையில நின்னேன்" என்றாள். திமிங்கிலத்தின் தலைக்குக் கீழே அந்தப் பெண்ணைச் சந்தித்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு அவர்கள் வரிசையில் முப்பத்தேழாம் நம்பராம், ஒரு தடவையாவது ஒன்றாம் நம்பராக இருந்து பார்க்க ஆசையாம். இடத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "தொலையாத பிள்ளைங்களை எண்ணுவீங்கன்னு தெரியும். தொலைஞ்சா தேடுவீங்களான்னு தெரியல" என்றாள். நானாகக் கண்டுபிடிக்கவில்லை, குடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது என்று அவளிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். "சொன்னதும் ஓடி வந்தீங்கல்ல" என்றாள். ஒரு மணி நேரம் கெடு வைத்திருந்தாளாம். அதற்குள் நான் வந்திருக்காவிட்டால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். "மாமா வீட்டுக்கே போறேன்னு சொல்லியிருப்பேன்" என்றாள். கால் மணி நேரம் மிச்சம் இருந்திருக்கிறது, மச்சான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரவில்லை. அவளுக்காக அறையை ஒழித்து வைத்திருந்தால் அந்தச் சிரமத்துக்கு மன்னிக்கவும்.