நீங்கலாக என்று ஒரு சொல்

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினரும் என் மனைவியின் தம்பியுமான உங்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம், உங்கள் அக்காவின் இடது முழங்கால் நீங்கலாக. உங்கள் நலத்தைப் பத்திரிகைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் சட்டத்துக்கு உறுப்பினர்கள் கை தூக்கிய அந்தப் படத்தில் உங்கள் கைதான் எல்லாவற்றையும்விட உயரமாக இருந்தது. அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சட்டம் நிறைவேறிய மறுநாள், தேநீர் இடைவேளையில், எங்கள் சலவைக்கூடத்து ஆட்கள் பத்துப் பேரும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சட்டம் போட்டவரின் அக்கா புருஷன் இருக்கும்போது வேறு யார் அதை வாசிப்பது? நானும் மருத்துவமனைப் படுக்கை விரிப்பு மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பத்திரிகையில் வந்ததை ஒரு வரி விடாமல் படித்தேன். ‘மேற்பார்வையாளர்கள் நீங்கலாக அனைத்துத் தொழிலாளர்களுக்கும்’ என்ற இடம் வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். கதவோரம் நின்றிருந்த முதலாளி மட்டும் தட்டவில்லை. “அண்ணே, அந்த வரியை இன்னொரு தடவை படிங்க, காதுல சரியா விழல” என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் உருகிப்போய் மூன்று தடவை படித்தேன். வாசித்தது என் குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதிய புண்ணியவான்கள் நீங்கள்.

மறுநாள் காலை முதலாளி கையால் ஆளுக்கொரு பதவி அட்டை, கழுத்தில் மாட்டிக்கொள்ள நீலக் கயிறு. துவைக்கிறவன் துவைப்பு மேற்பார்வையாளர், பிழிகிறவன் பிழிதல் மேற்பார்வையாளர், உங்கள் அக்கா தேய்ப்பு மேற்பார்வையாளர். பொத்தான் தைக்கும் அம்மாவுக்குக் கண்ணே சரியாகத் தெரியாது, பார்வையே இல்லாத அவருக்கும் மேற்பார்வை. எல்லோருக்கும் பதவி உயர்ந்துவிட்டது, கூலி மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பதிவேட்டில் தொழிலாளி என்று ஒருவராவது இருக்கவேண்டுமாம், அதற்கு முதலாளி தன் மருமகனைப் போட்டுவிட்டார். அந்த ஆள் காலையில் வந்து மடித்த துணி அடுக்கின் மேல் படுத்தால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் எழுந்திருப்பான். நீங்கள் கை தூக்கி உயர்த்திய கூலியை இன்றைய தேதியில் இங்கே வாங்கும் ஒரே உழைப்பாளி அவன்தான். நேற்று ஒரு விரிப்பு இயந்திரத்தில் சிக்கிக் கிழிந்தது. “யாருய்யா இந்த வேலையைப் பண்ணினது?” என்று முதலாளி கத்தினார். “நாங்க மேற்பார்வைதாங்க பார்த்தோம், வேலை யாரு செஞ்சதுன்னு தெரியலையே” என்றான் பிழிகிறவன். அவன் ஒருவன்தான் இந்தச் சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவன்.

சிரிக்காதீர்கள். உங்கள் அக்கா இங்கே தேய்ப்பு மேசையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, சாயங்காலம் ஒரு நாலு மாடிக் கட்டடத்துக்குப் போய்ப் படிக்கட்டு துடைக்கிறாள். வீங்கின முழங்காலோடு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து எழுந்திருக்கிறாள். புதுக் கூலி வந்தால் அந்த வேலையை விட்டுவிடலாம் என்று நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்திருந்தோம். இப்போது “உன் தம்பி போட்ட சட்டத்தைப் பார்த்தியா?” என்று நான் கேட்டால், “என் தம்பி கையைத் தூக்கினான், நம்ம முதலாளி காலை வாரினாரு, அதுக்கு அவன் என்ன பண்ணுவான்?” என்று உங்களுக்குத்தான் பரிந்துகொண்டு வருகிறாள். எனக்கு அழுகைதான் வருகிறது.

கீழே ஒரு ஆள்கூட இல்லாதவன் எப்படி ஐயா மேற்பார்வையாளர் ஆவான்? சட்டமன்றத்தில் எழுந்து நின்று இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். அந்த ‘நீங்கலாக’வை நீக்குங்கள். அதுவரை உங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன், உங்கள் மகள் பிறந்தநாளுக்கும் உங்கள் அக்கா தனியாகத்தான் வருவாள். இந்தப் பட்டத்தை எங்கள் தலையில் வலுக்கட்டாயமாகக் கட்டினார்கள். கேட்டு வாங்கிக்கொண்டவன் எங்களில் ஒருவன்கூட இல்லை.

உங்கள் பதவி நிலைக்கவும், பிள்ளைகள் நோய்நொடியின்றி வளரவும், உங்கள் கை இனிமேல் படித்துப் பார்த்தபின் உயரவும் மனதார வாழ்த்தும்,
உங்கள் அக்கா கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தொழிலாளர் ஆய்வாளர் அம்மா தானாகவே வந்துவிட்டார். ஒவ்வொருவரிடமும் “உங்களுக்குக் கீழ யார் வேலை செய்யறாங்க?” என்று கேட்டு, “யாரும் இல்லீங்க” என்றவர்களை எல்லாம் தொழிலாளி என்று எழுதிக்கொண்டார். அவர்களுக்குப் புதுக் கூலி உண்டு. என் அட்டையைப் பார்த்தவர், “இவருக்குக் கீழ பத்து மேற்பார்வையாளர் இருக்காங்களே!” என்றார். மேலே எழுத விட்டுப்போன ஒரு சின்ன விவரம் இது. சட்டமன்ற உறுப்பினரின் அத்தான் எல்லோரையும்போல வெறும் மேற்பார்வையாளராக இருந்தால் உங்களுக்குத்தான் கௌரவக் குறைச்சல் என்று, அட்டை கொடுத்த அன்றே முதலாளியிடம் போய், என் பட்டத்துக்கு முன்னால் ‘தலைமை’ என்று சேர்க்கச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தேன். “மன்னிக்கணும், சட்டப்படி எல்லாருக்கும் உண்டு, நீங்க நீங்கலாக” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார். ஆகையால் சட்டமன்றத்தில் எதையும் கேட்கவேண்டாம், என் மானம் போகும். உங்கள் அக்கா படிக்கட்டு வேலையை இன்றே விட்டுவிட்டாள். என் பங்குக்கு உயராத கூலியை ஈடுகட்ட, அந்த வேலைக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். நாளை சாயங்காலம் வாளியோடு போகிறேன். அவளும் கூட வந்து கீழே நாற்காலி போட்டு உட்காரப்போகிறாளாம், மேற்பார்வைக்கு.