மூத்திரப்பைக்குள் கருப்புப் புழு

பயம் பிடித்தவனுக்குக் கண் மட்டும்தான் வேலை செய்யும். மூளை லீவு போட்டுவிடும். பிள்ளைகளா, கல்யாணத்துக்கு முந்தின மாதம் உங்கள் அப்பனுக்கு நடந்தது அதுதான்.

நகைப்பட்டறையில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்ததில் நீர்க்கடுப்பு. டாக்டர் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். காரைக்குடி லேப்காரர் அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "இருங்க ஆசாரி, டீ குடிச்சுட்டு வாரேன்" என்று கிளம்பினார்.

சும்மா இருக்கலாமல்லவா? (இருந்திருந்தால் உங்கள் அம்மாவுக்கு நிம்மதி!) கல் பதிக்கும்போது லென்ஸைக் கண்குழிக்குள் இடுக்கிப் பார்த்தே பழகியவன் நான். அந்த மைக்ராஸ்கோப் குழாயிலும் அப்படியே கண்ணை அழுத்தினேன்.

கன்னங்கரேலென்று தடித்தடிப் புழுக்கள்! வரிசையாக வளைந்து, விட்டுவிட்டுத் துடித்தன.

செத்துப்போகிறவன் ஒரு பெண்ணையும் சேர்த்துக் கெடுக்கலாமா? பெண் வீட்டில் சொல்லிவிடலாமென்று நாட்டரசன்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் மூத்திரம் முட்டியது. என்ன வெளியே வருமோ என்று பயந்து அடக்கிக்கொண்டேன்.

"மாமா, ஒங்க மகளுக்கு வேற மாப்பிள்ளை பாருங்க. எனக்கு மூத்திரப்பையெல்லாம் புழு. கண்ணால பாத்தேன்."

மாமாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "என்ன மாப்ளே பேசுறீக? பத்திரிகை வச்சாச்சு!"

கதவுக்குப் பின்னால் விசும்பல். உங்கள் அம்மாதான்.

அடுத்த பஸ்ஸிலேயே மாமா என்னை லேப்புக்கு இழுத்து வந்தார். விஷயத்தைக் கேட்ட லேப்காரர், "கண்ணை ஒட்டாம, தள்ளி வச்சுப் பாருங்க" என்றார்.

புழுக்களைக் காணோம். நடுவில் புள்ளி வைத்த மெல்லிய செதில்கள்தான் அங்கங்கே கிடந்தன.

"இது மூத்திரப்பை உள்சுவரோட செல்லு. அடுக்கடுக்கா இருக்கும். பை காலியா இருந்தா உருண்டு திரண்டு நிக்கும். நெறஞ்சா, நீங்க தகடு தட்டுற மாதிரி விரிஞ்சு குடுக்கும். பழசு உதிர்றது வழக்கந்தான்."

"அப்ப அந்தப் புழு?" என்றார் மாமா.

"ஒங்க மாப்பிள்ளையோட இமை முடி. அம்புட்டுக் கிட்டக்க அழுத்துனா அதுதான் தெரியும். இமைக்க இமைக்கத் துடிக்கும்."

இன்னும் அடக்கிக்கொண்டு நெளிந்த என் பக்கம் மாமா திரும்பினார். "மாப்ளே, பை எம்புட்டு விரியும்னு சோதிச்சது போதும். அங்குட்டுப் போயி ஒண்ணுக்கு இருந்துட்டு வாங்க."

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. கண்ணில் தூசி விழுந்து நான் கசக்கும்போதெல்லாம், உங்கள் அம்மா ஏன் பூச்சி மாத்திரையை நீட்டுகிறாள் என்று கேட்பீர்களே, இதற்குத்தான்.