கூரை வைத்த கட்டில்

சுத்தியலை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பதே தெரியாத நான், நிச்சயதார்த்தச் சபையில் எழுந்து, "சீர்வரிசையில் கட்டில் வேண்டாம். அதை நானே என் கையால் செய்துகொள்வேன்" என்று அறிவித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. பந்திக்கு இலை போட்டுவிட்டார்களா என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்தில் எனக்கு வேலை. அந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு தொழில்நோய் உண்டு. படித்ததெல்லாம் கைக்கும் வந்துவிட்டது என்று தோன்றும். தச்சு வேலை பற்றி நான் இரண்டு புத்தகங்கள் படித்திருந்தேன். (ஒன்றில் கடைசி அத்தியாயம் கிழிந்திருந்தது. மரத்தை எப்படி இணைப்பது என்பது அதில்தான் இருந்திருக்க வேண்டும்.)

மாமனார் களக்காட்டில் வாழை போடுகிறவர். மகளுக்கென்று தேக்கில் கட்டில் செய்து, துணி போர்த்தி வைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நல்லது மாப்ளே, செய்யுங்க. ஆனா எம் மவ தரையில படுக்கான்னு காதுல விழுந்துச்சுன்னா, மறுநாளே தேக்குக் கட்டிலு ஒங்க வாசல்ல எறங்கிரும். அப்புறம் என்னையச் சொல்லப்படாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதற்குள் அலுவலகம், தெரு, டீக்கடை எங்கும் 'கட்டில் சீர் வாங்காத மாப்பிள்ளை' என்று எனக்குப் பெயராகிவிட்டது. (நானேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.) அந்தத் தேக்குக் கட்டில் எங்கள் தெருவுக்குள் வந்தால் நான் தெருவில் தலைகாட்ட முடியாது.

சாதாரணக் கட்டிலாகவாவது செய்திருக்கலாம். ஆங்கில நாவல்களில் பிரபுக்கள் சாகும்போதெல்லாம் ஒரு கட்டிலில் படுத்திருப்பார்கள். நான்கு மூலையிலும் தூண், மேலே துணி விதானம். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கல்யாணம் முடிந்து மாதங்கள் ஓடின. நாங்கள் பாயில் படுத்தோம். மாமனார் கேட்கும்போதெல்லாம் என் மனைவி வடிவு, "பாலீஷ் காயுதுப்பா" என்று சொல்லிக் காப்பாற்றினாள். அப்போது பாலீஷ் போட அங்கே மரமே வந்திருக்கவில்லை.

கடைசியில் கட்டில் எழுந்து நின்றது. தூண்கள் நான்கும் நான்கு கட்சிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. இணைப்புகளில் உளியைவிட ஆணியைத்தான் அதிகம் நம்பியிருந்தேன். தலைமாட்டுப் பலகை உயரமாக, கம்பீரமாக அமைந்து, சுவரிலிருந்த சுவிட்சுப் பலகையை முழுவதுமாக மறைத்தது.

"ஏங்க, ஃபேனை அமத்தணும்னா?"

"எதுக்கு அமத்தணும்? ஓடட்டும்" என்றேன்.

மாமனார் பார்க்க வருவதாகச் சொன்ன நாளில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. விதானத்துக்கு வடிவின் ஊதா நைலக்ஸ் சேலையை நான்கு தூண்களிலும் கட்டினேன். அது நடுவில் பிள்ளை தூங்கும் தொட்டில் மாதிரித் தொங்கியது. மேலே இழுத்துக் கட்ட ஒரு கொக்கி வேண்டும். அண்ணாந்து பார்த்தேன். கூரையில், சரியாகக் கட்டிலின் நடுவுக்கு மேலே, அசையாமல், ஆண்டவன் அனுப்பியதுபோல ஃபேன். சேலையின் நடுவில் சணல் கயிற்றை முடிந்து, மறுமுனையை ஃபேன் இறக்கைகளில் சுற்றி இறுக்கினேன். விதானம் கோபுரம்போல நிமிர்ந்தது. என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே உறுதியான முடிச்சு அதுதான்.

மாமனார் வந்தார், சாப்பிட்டார், கட்டிலைச் சுற்றி வந்தார்.

"என்ன மாப்ளே, கட்டிலுக்குக் கூரை போட்டிருக்கீக? வீடு ஒழுகுதோ?"

"அது ஒரு மேல்நாட்டுப் பாணி மாமா."

"அங்கன மழை சாஸ்தியோ என்னமோ" என்றபடி பைய உட்கார்ந்தார். கட்டில் முனகியது, உடையவில்லை. காலை நீட்டினார். அப்போதும் உடையவில்லை. என் நெஞ்சு விம்மியது.

"நல்லாத்தான் இருக்கு. கரண்டு வந்தா ஃபேன் காத்துல ஒரு கண்ணு அசந்திருவேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபேன் சுவிட்ச் போட்டபடியே கிடந்தது. சுவிட்ச் தலைமாட்டுக்குப் பின்னால். தலைமாட்டில் மாமனார்.

"கயிறு கட்டியிருக்கேன், எந்திரிங்க மாமா" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அப்படிச் சொன்ன கையோடு தேக்குக் கட்டில் புறப்பட்டுவிடும்.

"மாமா, ஆத்துல போயி ஒரு குளியல் போட்டுட்டு வருவமா?"

"குளிச்சிட்டுத்தானே வந்தேன். ஒரு நாளைக்கு எத்தன வாட்டி குளிக்க?"

"காப்பி?"

"இங்கனயே கொண்டாரச் சொல்லுங்க."

"மூட்டைப்பூச்சி இருக்கு மாமா!"

"புதுக் கட்டில்லயா?"

வாசல் நிலையில் நின்ற வடிவு கயிற்றைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்த மூன்றாவது பார்வையை இன்றும் நான் மறக்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கிரைண்டர் உறுமியது.

ஃபேன் முதலில் தயங்கியது. பிறகு ஊதாச் சேலையை முறுக்கு பிழிகிற மாதிரி முறுக்கி மேலே இழுத்தது. ஆணிகள் ஒவ்வொன்றாகக் கீச்சிட்டன. வார்டில் நோயாளியைச் சுற்றி நிற்கும் டாக்டர்கள்போல நான்கு தூண்களும் உள்பக்கம் குனிந்து மாமனாரை விசாரித்தன. சேலை கிழிந்து அவர்மேல் விழுந்து மூடியது. ஃபேன் சிக்கி நின்று 'உம்ம்ம்' என்றது. "எந்திரிக்காதீங்க மாமா!" என்று கத்தியபடி நான் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வடிவுதான் ஓடிப்போய் ஃபியூஸைப் பிடுங்கினாள்.

சேலைக்குள்ளிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"மாப்ளே, கரண்டு வந்துட்டு போலுக்கு."

மறுநாளே தேக்குக் கட்டில் வந்தது. அதை இறக்கத் தெருவே வந்து கைகொடுத்தது. டீக்கடைக்காரர் கடையை விட்டுவிட்டு ஒரு பக்கம் பிடித்தார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக்கு யார் போனாலும், படுப்பதற்கு முன் அண்ணாந்து பார்த்து, "மேல கயிறு கியிறு இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் படுக்கிறார்கள்.

நானும் விடுவதில்லை. "ஒண்ணை மட்டும் யாரும் மறுக்க முடியாது. போனது மேல கட்டின விதானந்தான். கட்டில் அசையாமத்தானே நின்னுது?" என்று போன பொங்கலுக்குக்கூட நிறைந்த வீட்டில் கேட்டேன்.

வடிவு கரும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாள்:

"எங்கப்பா அதுமேல படுத்திருந்தாக. இல்லைன்னா கட்டிலும் சேந்து சுத்தியிருக்கும்."