முந்தின நாள் மேனேஜர்

முந்தின நாள்காரர் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. சர்க்கரை அளவு பார்க்க ரத்தம் கொடுப்பதற்கு முந்தின மூன்று நாள் மட்டும் ஜிலேபியை முறைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்து போகிறாரே, அவர். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றதும் கட்டிலில் கிடந்த துணிமூட்டையை அப்படியே அள்ளிப் பீரோவுக்குள் திணித்து, கதவை முதுகால் அழுத்திக்கொண்டு "வாங்க, வாங்க" என்கிறாரே, அவரேதான். அவரைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு நாளில் அவர் செய்கிற வேலையைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துப் போட்டால், சோதனைக்கு ஆளே வர வேண்டியிருக்காது. ஆனால் அவருக்குப் பிரித்துப் போடத் தெரியாது.

திருப்பூரில் இந்த இனம் கொஞ்சம் கூடுதலாகவே செழித்திருக்கிறது. காரணம் பையர் ஆடிட். பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர் கம்பெனியைப் பார்க்க ஆள் அனுப்புவார். அவர் வருவதற்கு முந்தின நாள் சில கம்பெனிகளில் நடக்கிற மாயத்தைப் பார்க்க வேண்டும். தீயணைக்கும் சிலிண்டருக்குத் துடைப்பு, மெஷினுக்கு ஊசித்தடுப்பு, மூக்குக்கு மாஸ்க், பாத்ரூமுக்கு சோப்பு. ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் சோப்பு ஸ்டோர் ரூமுக்குத் திரும்பிவிடும். அடுத்த வருடமும் அதே சோப்பு.

இந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் படித்துத் தேறியவர் ரத்தினசாமி. ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் விதிமுறைகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் மேனேஜராக இருந்து, ஒரு ஆடிட்டில்கூடத் தோற்காமல் ஓய்வு பெற்றார். முதலாளியின் டிரஸ்ட் மண்ணரைக்கு அந்தப் பக்கம் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்று நடத்துகிறது. நாற்பத்திரண்டு கட்டில். நடக்க முடியாதவர்கள், நடக்க முடிந்தும் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் என்று வருடக்கணக்கில் தங்குகிற இடம். பாதிப் பேர் அதே கம்பெனியில் தைத்தும் தேய்த்தும் மடித்தும் ஓய்ந்தவர்கள். அதற்கு ரத்தினசாமியை மேனேஜராகப் போட்டார்கள். பனியனுக்குப் பதில் பாட்டிகள் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

வந்த முதல் மாதமே வரவேற்பறைச் சுவரில், வருகிறவர்கள் கண் படுகிற உயரத்தில், ஓர் ஆணி அடித்தார். சென்னையில் உள்ள ஓர் அமைப்பு வருடந்தோறும் இப்படிப்பட்ட இல்லங்களுக்குத் தர விருது கொடுக்கிறது. அந்தச் சான்றிதழுக்கான ஆணி அது. முதல் வருடம் அறுபத்தொரு மதிப்பெண். இரண்டாம் வருடம் அறுபத்தெட்டு. விருதுக்கு எழுபத்தைந்து வேண்டும். ஆணி இரண்டு வருடமாக வெறுமனே நின்றது. ஒருநாள் சமையல்காரர் தெரியாத்தனமாகத் தினசரிக் காலண்டரை அதில் மாட்டிவிட, ரத்தினசாமி அன்று மதியம் சாப்பிடவே இல்லை. ஆடிட்டில் தோற்காதவர் என்ற பெயர் ஒரு வெற்று ஆணியில் ஊசலாடினால் மனிதனுக்குச் சோறு இறங்குமா?

மூன்றாவது முறை விடுவதாயில்லை என்று முடிவு செய்தார். விண்ணப்பம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'ஆதாரம் இணைக்கவும்' என்ற வரி. அந்த வரியைப் படிக்கும்போது அவர் முகத்தில் சாமி கும்பிடுகிறவரின் களை வந்துவிடும். ஆதாரம் என்றால் அவருக்குப் பதிவேடு. தண்ணீர் குடித்ததற்கு ஒன்று, குடிக்காததற்கு ஒன்று. சிரித்தவர்கள் பட்டியல், காலை மாலை என்று இரண்டு வேளைக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக பெல் பதிவேடு. கட்டிலில் இருப்பவர் பெல் அடித்தால் நர்ஸ் முதலில் நேரத்தை எழுத வேண்டும். காதில் விழுந்த நேரம், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், காரணம், கையெழுத்து. இரண்டு நிமிடத்துக்குள் போனால் முழு மதிப்பெண்.

நர்ஸ் பிரிசில்லா ஒருநாள் பதிவேட்டோடு வந்து நின்றாள்.

"சார், ஏழாம் நம்பர் மூக்கம்மா பாட்டி பெல் அடிச்சாங்க. நான் இதை எழுதி முடிச்சுட்டுப் போறதுக்குள்ள அவங்களே எந்திரிச்சு பாத்ரூம் போயிட்டு வந்துட்டாங்க. விழுந்திருந்தா என்னங்க சார் ஆகறது?"

ரத்தினசாமி யோசித்தார். "விழலீங்கல்ல சிஸ்டர்?"

"விழலீங்க சார்."

"அப்ப பதினாலாம் பிரிவுல எழுதிக்கங்க. சுயமா நடமாடும் திறன் மேம்பட்டுள்ளது. ஆதாரம், பெல் பதிவேடு."

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. குறுக்கே வந்தவர் மயிலாள்.

மயிலாளுக்கு எழுபத்து மூன்று வயது. முப்பது வருடம் செக்கிங் டேபிளில் நின்றவர். தைத்து வரும் பனியனை விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்டதோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது செக்கிங்காரரின் வேலை. அம்பு ஒட்டிய பீஸ் ஆல்ட்டருக்குத் திரும்பும், சரியாகி வரும். முப்பது வருடத்தில் மயிலாளுக்கு நகத்தைப்போல வளர்ந்துவிட்ட பழக்கம் அது. மகளும் இப்போது செக்கிங்கில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வரும்போது மற்ற மகள்கள் சாத்துக்குடி கொண்டுவருவார்கள். இவள் ஒரு ரோல் அம்பு ஸ்டிக்கர் கொண்டுவருவாள்.

முதல் அம்பு ஏழாம் நம்பர் பெல்லில் ஒட்டியிருந்தது. அமுக்கினால் சில சமயம் அடிக்கும், சில சமயம் யோசிக்கும் பெல் அது. அடுத்தது மூடாத ஜன்னலில். அதற்கடுத்தது கஞ்சியில் உப்பில்லை என்று சமையலறைக் கதவில். நான்காவது, பெண்கள் பாத்ரூமில், பிடித்து எழுந்திருக்க வைத்திருக்கும் கைப்பிடிக் கம்பியில். கம்பியின் ஒரு முனையில் ஸ்குரூ கழன்று, கை வைத்தால் லொடலொடவென்று ஆடிச் சுவரோடு பேசியது.

"ஏனுங்க பெரியம்மா, செவுத்தையெல்லாம் எதுக்குங்க இப்படி அசிங்கம் பண்றீங்க?" என்றார் ரத்தினசாமி.

"அசிங்கம் பண்றதுக்குங்களா ஒட்டறேன்? டேமேஜ் இருக்கற எடத்துல அம்பு ஒட்டோணும் தம்பி. அப்பத்தானுங்க ஆல்ட்டர் போகும்."

"போகும், போகும். ஆடிட் முடியட்டுங்க."

இந்த 'ஆடிட் முடியட்டும்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். எந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க ஆடிட் வைக்கிறார்களோ, அதே ஓட்டையை அடைக்க ஆடிட் முடியட்டும் என்று காத்திருப்பது முந்தின நாள்காரரால் மட்டுமே முடிகிற காரியம்.

முந்தின நாள் வந்தது. இல்லம் தலைகீழானது. புது பெட்ஷீட் விரித்தார்கள், மடிப்பு வரியோடு. மேசைக்கு மேசை கிண்ணத்தில் ஆப்பிள் வைத்தார்கள், தொடக் கூடாது என்ற கட்டளையோடு. அம்புகளை எண்ணினார்கள். பத்தொன்பது. ரத்தினசாமி பழைய கம்பெனியிலிருந்து கறை எடுக்கும் திரவமே வரவழைத்து, பத்தொன்பதையும் பசை தெரியாமல் எடுக்க வைத்தார். கம்பியை அவரே தொட்டுப் பார்த்தார். ஆடியது. நாளைக்கு மறுநாள் பிளம்பரை வரச் சொல்லி ஒரு துண்டுச்சீட்டு எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பதிவேட்டில் 'கைப்பிடிகள் உறுதியாக உள்ளன' என்று கையெழுத்துப் போட்டார்.

மயிலாள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "அம்ப எடுத்துப்போட்டா டேமேஜும் போயிருங்களா தம்பி?"

"நாளைக்கு ஒரு நாளுங்க பெரியம்மா."

"மூக்கம்மாளுக்கும் நாளைக்கு ஒரு நாள் பாத்ரூம் வராம இருக்கோணுமே."

ரத்தினசாமி காதில் வாங்கவில்லை. ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது. வருகிறவர் இங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டால் 'மனநிறைவாக இருக்கிறோம்' என்று சொல்ல வேண்டும், சிரிக்க வேண்டும், முடிந்தால் பல்செட்டோடு.

மறுநாள் காலை மதிப்பீட்டாளர் சித்ரகலா வந்தார். நாற்பது வயதிருக்கும். ரத்தினசாமி கோப்புகளை நீட்ட நீட்ட, "அப்புறம் பாக்கறேங்க" என்று மேசையில் வைத்துவிட்டு நேராகக் கட்டில்கள் பக்கம் நடந்தார். இது பாடத்திட்டத்தில் இல்லாதது. ரத்தினசாமி முன்னால் ஓடி வழிகாட்டினார். அப்போது மயிலாள் வழியில் நின்று, "நல்லபடியா நடக்கட்டும் சாமி" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார். ரத்தினசாமிக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

முதல் கட்டிலில் பெரியகருப்பன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ரத்தினசாமியின் அதே கம்பெனியில் பதினெட்டு வருடம் அயர்னிங் மாஸ்டராக இருந்தவர்.

"இங்க உங்களுக்கு எப்படி இருக்குங்க அய்யா?" என்று சித்ரகலா கேட்டார்.

பெரியகருப்பன் ஏறிட்டுப் பார்த்தார். எதிரே புது முகம், கையில் நோட்டு. அதற்குப் பின்னால் ரத்தினசாமி, கண்ணால் சாடை காட்டிக்கொண்டு. இந்தக் காட்சியைப் பதினெட்டு வருடத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறார்? நேற்றைய ஒத்திகை மறந்துபோய், பையர் ஆடிட்டுக்குச் சொல்லிக்கொடுத்த பழைய பாடம் தானாக வந்து விழுந்தது.

"எட்டு மணி நேரந்தேன் தாயி. ஓ.டி. நாங்களா விருப்பப்பட்டாத்தேன் பாக்கிறோம். பாத்ரூமுக்குப் போக விடுறாக. யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தலை. எனக்குப் பதினெட்டு வயசு முடிஞ்சிருச்சு."

சித்ரகலா பேனாவைக் கீழே இறக்கினார். பெரியகருப்பன் சரியாகச் சொன்னோமா என்று ரத்தினசாமியைப் பார்த்தார். ரத்தினசாமி ஆப்பிளைப் பார்த்தார்.

பக்கத்துக் கட்டில் பாட்டி சும்மா இருந்திருக்கலாம். "கொழந்தைத் தொழிலாளர் ஆரும் இல்லீங்க அம்மிணி" என்று அவரும் சேர்த்துக்கொண்டார்.

சமாளிக்க ஒரே வழி பதினாலாம் பிரிவு. "மேடம், எங்க மூக்கம்மா துணையில்லாமலே நடப்பாங்க, பாருங்க" என்றார் ரத்தினசாமி அவசரமாக. மூக்கம்மாளும் சொல்லிக்கொடுத்தபடி வாக்கரைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டார். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை, ஜன்னலிலிருந்து கட்டில் வரை என்பதுதான் ஒத்திகை. ஆனால் கூட்டத்தைக் கண்டதாலோ காலையில் குடித்த காப்பியாலோ, மூக்கம்மாள் பாதி வழியில் பாத்ரூம் பக்கம் திரும்பிவிட்டார். சித்ரகலா ஆவலாகப் பின்னால் போனார். மூக்கம்மாள் வாசலில் வாக்கரை விட்டுவிட்டு, ஈரத்தரையில் ஓர் அடி வைத்து, கம்பியை நோக்கிக் கையை நீட்டினார்.

ரத்தினசாமி சொல்லாமல் இருந்தால் எழுபத்தைந்து மதிப்பெண்ணுக்கு இன்னும் வாய்ப்பிருக்கிறது. கம்பி இன்னொரு தடவை தாங்கினாலும் தாங்கும். நேற்று தாங்கியது. முந்தாநாளும் தாங்கியது. சொன்னாலோ, கையெழுத்துப் போட்டுப் பதினாறு மணி நேரம்கூட ஆகவில்லை. இருபத்திரண்டு வருடத்து ஆடிட்டுகள் எல்லாம் கண்முன் வந்து, வாயைத் திறக்காதே என்று கையெடுத்துக் கும்பிட்டன.

"அதப் புடிக்காதீங்க, அது ஆடும்" என்று ரத்தினசாமி கத்தினார். கத்திக்கொண்டே பாய்ந்து மூக்கம்மாளை இரண்டு கையாலும் தாங்கினார். அவர் தோள் இடித்து, கம்பி சுவரிலிருந்து கழன்று தரையில் விழுந்து, எதிர்ச்சுவர் வரை உருண்டது.

அது நிற்கும்வரை எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

"ஆடும்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்றார் சித்ரகலா.

"தெரியுங்க."

"அவருக்கு இருவது நாளாத் தெரியுமுங்க" என்றார் பின்னால் வந்து நின்ற மயிலாள். "நான் அம்பு ஒட்டி வெச்சிருந்தனுங்க. பத்தொம்பது எடத்துல."

"அம்புங்களா? சிவப்பா, சின்னதா?"

"ஆமாங்க அம்மிணி."

"அதுதான் காலையிலிருந்து பாத்துட்டே வர்றேன். ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன்." சித்ரகலா ரத்தினசாமியின் பின்னால் போய், இரண்டு தோளுக்கும் நடுவிலிருந்து ஒரு சிவப்பு அம்பைப் பிய்த்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

ரத்தினசாமி மயிலாளைப் பார்த்தார். மயிலாள் கூரையைப் பார்த்தார். "ஆல்ட்டர்ல சரியாகற பீஸ்தானுங்க" என்றார், பொதுவாக.

பிளம்பர் அன்று மதியமே வந்துவிட்டார். சட்டைப்பைத் துண்டுச்சீட்டு தேவைப்படவில்லை. மீதிப் பதினெட்டும் ஒரு வாரத்தில் சரியாயின. கஞ்சிக்கு உப்பு உட்பட. பெல் அடித்தால் பிரிசில்லா இப்போது முதலில் ஓடுகிறாள், அப்புறம் எழுதுகிறாள். சில நாள் எழுதுவதில்லை.

முடிவு தபாலில் வந்தது. எழுபத்தொன்று. கீழே ஒரு குறிப்பு: தங்கியிருப்பவர்களே குறைகளை அடையாளம் காட்டும் அம்பு முறை பாராட்டுக்குரியது, அதைத் தொடர்ந்தால் அடுத்த ஆண்டு நல்ல வாய்ப்புண்டு. ரத்தினசாமி அதை நான்கு தடவை படித்தார். பிறகு எழுந்துபோய், மூன்று வருடமாக யாரையும் தொட விடாத ஆணியில் மயிலாளின் ஸ்டிக்கர் ரோலை மாட்டினார். யார் வேண்டுமானாலும் கிழித்து ஒட்டிக்கொள்ளலாம் என்று எழுதியும் வைத்தார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று முடித்திருக்கலாம். ஆனால் மறுநாளே ஒரு புதுப் பதிவேட்டோடு மயிலாள் கட்டிலுக்கு அவர் வந்ததை எப்படி மறைப்பது?

"பெரியம்மா, மாசத்துக்கு அஞ்சு அம்பாவது ஒட்டீருங்க."

"டேமேஜ் இல்லீன்னாங்க?"

"இல்லீன்னாலும் ஒட்டுங்க. ஆதாரம் வேணுமுங்கல்ல?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பல் டாக்டரிடம் போகிற அன்று மட்டும் இரண்டு தடவை பல் தேய்க்கிறவர் நீங்கள் இல்லை. ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டி வைத்திருந்து, போலீஸ்காரர் தெரிகிற தூரத்தில் தலைக்கு ஏற்றுகிறவரும் நீங்கள் இல்லை. உங்கள் வீட்டுப் பாத்ரூமில் ஆடுகிற குழாயை இந்த வாரம் கட்டாயம் சரி செய்துவிடுவீர்கள், விருந்தாளிகள்தான் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களே. எதற்கும், உங்களை இன்று காலையிலிருந்து யாராவது அன்பாக முதுகில் தட்டிக்கொடுத்திருந்தால், சட்டையைக் கழற்றி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.